பாதிக் கிணற்றில் தொங்கிய டிராக்டர்

புதிதாகக் கிரேன் ஏறியிருக்கும் தம்பிகளுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் வேலையில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருப்பதுதான். கீழே பெல்ட் மாட்டுகிறவர் மாட்டி முடிக்க வேண்டும். சிக்னல் காட்டுகிறவர் பீடியை அணைக்க வேண்டும். பொருளுக்குச் சொந்தக்காரர் குலசாமியைக் கும்பிட்டு முடிக்க வேண்டும். அதுவரை கேபினில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நான் நிறையப் பார்த்தேன். சங்ககிரி மலைமேல் மேகம் வந்து குந்துவது, காற்றில் மரவள்ளிக் காடு ஒரே பக்கமாகப் புரண்டு படுப்பது, எங்கோ ஒரு கோழிப்பண்ணைக் கூரை வெயிலில் மினுங்குவது எல்லாம் அந்த இருக்கையிலிருந்து பார்த்ததுதான். “சம்பளம் வாங்கிக்கிட்டுக் கனாக் காணற ஒரே ஆளு நீங்கதானுங்க” என்று என் வீட்டுக்காரி சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் நின்றுவிட்டது, கனா நிற்கவில்லை.

இந்தப் பக்கத்தில் கிரேன்காரன் தூக்காத பொருள் இல்லை. கவிழ்ந்த முட்டை லாரியைத் தூக்கியிருக்கிறேன். வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போய்த் திரும்பிய ரிக் வண்டியின் எஞ்சினை இறக்கியிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கார் சாக்கடைக்குள் இறங்கிவிட, மேளக்காரர்கள் வாசிக்க வாசிக்கத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அதையெல்லாம் கதையாகச் சொன்னால் சிரிப்பீர்கள், அதோடு சரி. இன்று சொல்ல வந்தது வேறு.

எனக்குத் தொழில் பழக்கிவிட்டவர் அதிகம் பேச மாட்டார். பாக்கைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, பேச வேண்டிய இடத்திலும் தலையை மட்டும் ஆட்டுவார். அவர் வாயிலிருந்து முழுதாக வந்த வாக்கியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: “ஏத்தறதுக்கு எஞ்சின் இருக்குதுடா. எறக்கறதுக்குத்தான் உனக்குச் சம்பளம்.” அப்போது நான் அதைத் தமாஷ் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பொருளை எனக்குக் காட்டியது ஒரு கிணறு.

ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டிய ஒரு தோட்டம். ஒரு டிராக்டர் கிணற்றில் விழுந்துவிட்டது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மத்தியானம் போன் வந்தது. நான் கிரேனோடு போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. ஊரே கூடியிருந்தது. கிணற்றில் எது விழுந்தாலும் ஊருக்குத் திருவிழாதான். ஐஸ் வண்டி ஒன்றுதான் பாக்கி என்று பார்த்தேன், சற்று நேரத்தில் அதுவும் வந்துவிட்டது.

நான் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தம்பிகளே, அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது? வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற காலம், கிணறு முக்கால்வாசி நிறைந்து பச்சையாகக் கிடந்தது. அந்தப் பச்சைக்கு அடியில், சிவப்பு டிராக்டர் பின்பக்கம் கீழாகச் சாய்ந்து படுத்திருந்தது. முன்விளக்குகள் இரண்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. குட்டையில் எருமை படுத்திருப்பது போல அப்படியொரு நிம்மதி. தண்ணீர்மேல் டீசல் பரவி, ஊதாவும் மஞ்சளுமாக மெல்லச் சுழன்றது. மீன்குஞ்சுகள் ஸ்டியரிங்கைச் சுற்றி வந்தன. இதைப் போய் ஏன் எழுப்புவது என்றுகூட ஒரு கணம் எனக்குத் தோன்றியது.

எழுப்பத்தான் வேண்டும் என்பது பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் புரிந்தது. பெயர் சுமதி. சேலைக்கு மேலே ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, அதன் முன்கையில் கிரீஸ் கறை. டிராக்டர் அவளுடையது. கணவன் ரிக் வண்டியோடு வடக்கே போர் போடப் போய்விட, வாங்கிய டிராக்டரைச் சும்மா நிறுத்த மனமில்லாமல் அவளே ஓட்டப் பழகி, சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு உழவு ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்று காலையிலிருந்து இந்தத் தோட்டத்தில்தான் உழவு. சாப்பிடுவதற்காகக் கிணற்றோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேப்பமர நிழலுக்குப் போயிருக்கிறாள். சோற்றுத் தூக்குப்போசியைத் திறப்பதற்குள் வண்டி கலப்பையோடு உள்ளே போய்விட்டது.

“பிரேக் போடாம எறங்கிப் போயிட்டா. நானே சொல்றனுங்க, என் தோட்டந்தானுங்க” என்று தோட்டத்துக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்தப் பக்கத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். தண்ணீரில் டீசல் கலந்துவிட்டதே என்ற ஆத்திரம் வேறு.

“பிரேக் போட்டனுங்க. மண்ணு சரிஞ்சுதுங்க. சத்தம் கேட்டுதுங்க” என்றாள் அவள். எத்தனையாவது தடவை சொல்கிறாளோ, குரலில் பசையே இல்லை.

“மண்ணு எங்க சரிஞ்சுது? பாறையாட்டக் கெடக்குது பாரு” என்று அவர் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். உண்மையில் தரை காய்ந்து வெளுத்துத்தான் கிடந்தது. கிணற்று விளிம்பில் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. வண்டி விழுந்தால் விளிம்பு பெயராதா என்று கூட்டம் கேட்டது.

அவளுடைய மாமனார் சற்றுத் தள்ளி, தோளில் துண்டோடு நின்றிருந்தார். அவர் கத்தவில்லை. “வண்டி மேல வரட்டும் அம்மணி. வந்ததும் வித்துப்போடலாம். நமக்கு எதுக்கு இந்தப் பொழப்பு” என்றார். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு விஷயம் முழுதும் விளங்கிவிட்டது. டிராக்டர் எப்படியும் மேலே வந்துவிடும், காயவைத்தால் ஓடவும் ஓடும். ஆனால் பிரேக் போடத் தெரியாத டிரைவர் என்ற பேர் வந்துவிட்டால் அவளை உழவுக்கு யார் கூப்பிடுவார்கள்? அவள் இனி ஓட்டுவாளா, மாட்டாளா என்பதுதான் அந்தக் கிணற்றுக்குள் கிடந்தது.

கிரேனை எங்கே நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. எதிர்ப்பக்கம் நல்ல பாறை, ஆனால் அங்கே போக வேண்டுமானால் மரவள்ளிக் காட்டை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். தோட்டத்துக்காரர் கையை விரித்தார். “கெழங்கு வெட்டற பருவமுங்க, மிதிச்சுப்போடாதீங்க. இந்தப் பக்கம் வண்டித்தடம் இருக்குது பாருங்க.” டிராக்டர் விழுந்த அதே பக்கம். தரையைப் பார்த்தேன், கெட்டியாகத்தான் தெரிந்தது. கிரேனைத் தாங்கும் நான்கு இரும்புக் கால்களை, அதாவது நம் ஜாக்கிகளை, பலகை போட்டு ஊன்றினேன்.

தண்ணீருக்குள் இறங்கியது முருகேசன். கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவன். அந்தக் கிணறு அவ்வூர் இளவட்டங்களுக்கு நீச்சல் குளம், அவன்தான் அதற்கு ராஜா. தொட்டிமேல் ஏறி, கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தான். பச்சைக்குள் அவன் உடம்பு வெள்ளைக் கோடாக இறங்கி, டிராக்டரின் பக்கத்தில் அசைவதைக் கேபினிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்து மூச்சு வாங்கி, திரும்பவும் இறங்கி, பெல்ட்டை அச்சுகளில் கோத்துவிட்டான். ஏறி வந்து தலையைத் துவட்டியபடி, “உள்ள ஜில்லுன்னு நல்லா இருக்குதுங்க, நீங்களும் ஒருக்கா வாங்க” என்றான் என்னிடம். சிரித்தேன். மனம் லேசாகத்தான் இருந்தது.

தூக்க ஆரம்பித்தேன். தண்ணீருக்குள் இருக்கிறவரை எந்தப் பொருளும் கனமே இல்லாதது போல நடிக்கும். டயரில் இருக்கிற காற்றும் சேர்ந்து தூக்கிக் கொடுக்கும். வெளியே வரும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். விளக்குகள் வந்தன, எஞ்சின் மூடி வந்தது, பெரிய சக்கரங்கள் வந்தன, கடைசியாகக் கலப்பை. எல்லாப் பக்கமும் தண்ணீர் கொட்ட, சாயங்கால வெயில் அதில் விழ, அந்த டிராக்டர் கிணற்றின் வாய்க்குச் சற்றுக் கீழே மினுமினுவென்று தொங்கியது. கூட்டம் கைதட்டியது. ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நானும் அந்த அழகில் கொஞ்சம் மயங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தூக்குங்க, தூக்குங்க! இன்னும் ரெண்டே அடி!” தோட்டத்துக்காரர் கத்தினார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. தேரிழுக்கிற உற்சாகம். அந்தச் சத்தத்தில் எனக்கு எஞ்சின் சத்தமே கேட்கவில்லை.

அப்போது சுமதி தெரிந்தாள். கூட்டத்தில் அவள் ஒருத்திதான் டிராக்டரைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, கிணற்றுக்குள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று என்னைப் பார்த்துத் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்க்க வைத்துக் கீழே கீழே என்று அமுக்கினாள்.

“அண்ணா, எறக்குங்க! எறக்கிப்போடுங்க! அதே சத்தமுங்க!”

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவள் மாமனாரே அவளை அதட்டினார். “வண்டி மேல வாரப்போவுது, நீ எதுக்கு அம்மணி குறுக்க பேசற!”

யோசிக்க நேரம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. நம் தொழிலில் ஆபத்து வரும் நேரத்தில் எல்லாம் மிக மெதுவாகத்தான் நடப்பதாகத் தோன்றும். அந்த டிராக்டர் மேலே வர வேண்டும் என்று அங்கே இருந்தவர்களில் யாருக்கு அதிக ஆசை? அவளுக்குத்தான். அவளே இறக்கு என்கிறாள். கூட்டத்துக்கு வேடிக்கை வேண்டும், தோட்டத்துக்காரருக்குக் கிணறு வேண்டும், எனக்கு இருட்டுவதற்குள் வீடு போக வேண்டும். அவள் ஒருத்தி தன் ஆசைக்கு எதிராகப் பேசுகிறாள். தம்பிகளே, இக்கட்டில் பத்துப் பேர் பத்துவிதமாகக் கத்தும்போது யார் பேச்சைக் கேட்பது என்று குழம்பினால், தனக்கு நட்டம் வரும்படி எவர் பேசுகிறாரோ அவர் பேச்சைக் கேளுங்கள்.

இறக்கினேன். டிராக்டர் திரும்பவும் பச்சைக்குள் போனது. சக்கரம், எஞ்சின், விளக்கு என்று ஒவ்வொன்றாக மூழ்க, டீசல் வளையங்கள் அதன்மேல் மூடிக்கொண்டன. பாரம் தண்ணீருக்குள் போன அந்த வேளையில்தான் என் கிரேன் லேசாக முன்பக்கம் குனிந்து நின்றிருப்பதை உணர்ந்தேன்.

கூட்டம் என்னைக் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது. “பொம்பளை பேச்சக் கேட்டு எறக்கறானே, இவனெல்லாம் ஒரு ஆபரேட்டரா” என்பது அதில் கொஞ்சம் மரியாதையானது. நான் இறங்கிப் போய்க் கிணற்றோரத்து ஜாக்கியைப் பார்த்தேன். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து அமுங்கியிருந்தது. அதற்கும் கிணற்றுக்கும் நடுவே, தலைமுடி போல ஒரு விரிசல். அங்கிருந்து மண் பொடிப்பொடியாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. பொலபொலவென்று, மிகச் சின்னச் சத்தம். மத்தியானம் தூக்குப்போசியைத் திறக்கும்போது அவள் கேட்ட சத்தம் அதுதான்.

கடப்பாரை ஒன்று வாங்கி அந்த வெளுத்த தரையில் ஊன்றினேன். மேலோடு மட்டும் ஒரு விரற்கடை கெட்டி. அப்புறம் நெய்யில் கத்தி இறங்குவது போல இறங்கியது. உருவினால் பாதிக் கடப்பாரைக்கு ஈரச் சேறு.

கடப்பாரையைத் தோட்டத்துக்காரர் கையில் கொடுத்தேன். அவர் அதையும் பார்த்தார், பக்கத்தில் இருந்த தொட்டியையும் பார்த்தார். நம் பக்கத்துத் தோட்டங்களில் மின்சாரம் எந்த நேரம் வரும் என்று தெரியாது. வந்ததும் மோட்டார் தானாக ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவரும் அப்படித்தான் முந்தாநாள் போட்டு வைத்துவிட்டு, பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு ராசிபுரம் போயிருக்கிறார். மோட்டார் இரவெல்லாம் ஓடி, தொட்டி நிரம்பி, வழிந்த தண்ணீர் முழுவதும் கிணற்றோரத்து மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. மறுநாள் அடித்த வெயில் மேலே மட்டும் காயவைத்து, ஒன்றும் அறியாதது போல மூடிவிட்டது.

அவர் கடப்பாரையைத் தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார். ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டே போனான், கூட்டமும் அவன் பின்னாலேயே கலைந்தது. கடைசியில் என்னிடம் வந்து, “காத்தால அந்தப் பக்கம் நிறுத்திக்குங்க. கெழங்கு போனாப் போகுது” என்றார். சுமதியின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். ஆனால் மாமனாருக்கு இதெல்லாம் போதவில்லை. “மண்ணு ஈரமோ என்னமோ. பிரேக் போட்டிருந்தா வண்டி நின்னிருக்குமில்ல” என்று முனகிக்கொண்டே போனார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, தூக்குப்போசியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். அது இன்னும் திறக்கப்படவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

காலையில் மரவள்ளிக் காட்டுக்குள் கிரேனை ஓட்டினேன். பனி ஈரத்தில் குச்சிகள் மளமளவென்று முறிந்தன, பால் வாசம் கேபின்வரை ஏறியது. பாறையில் ஜாக்கி ஊன்றியபோது, அம்மியில் குழவி உட்கார்ந்தது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் தம்பிகளே கைப்பிடியைத் தொட வேண்டும். மூடுபனி கிணற்றிலிருந்து ஆவியாக எழுந்து நின்றது. ஒரு மீன்கொத்தி வந்து கிரேனின் நீண்ட கை நுனியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தது. அதற்கும் எனக்கும் அன்று ஒரே வேலை. முருகேசன் பல் கிட்டிக்க இறங்கி, பெல்ட்டைச் சரிபார்த்துவிட்டு ஏறினான். முந்தின நாள் கூட்டத்தில் கால்வாசிகூட வரவில்லை. வந்தவர்களும் கத்தவில்லை.

டிராக்டர் பனிக்குள்ளிருந்து எழுந்தது. தண்ணீர் வடியட்டும் என்று நடுவில் நிறுத்தினேன். வழக்கமாகத் தொங்குகிற வண்டியின் சக்கரங்கள் காற்றுக்கும் தண்ணீருக்கும் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆளில்லாமல் எங்கோ போய்க்கொண்டிருப்பது போல இருக்கும், எத்தனையோ தடவை ரசித்திருக்கிறேன். இதன் சக்கரங்கள் சுற்றவில்லை. தண்ணீர் ஊற்றுகிறது, வண்டி ஆடுகிறது, பெரிய சக்கரங்கள் இரண்டும் சிலையாக நிற்கின்றன.

கேபினிலிருந்து கூவிச் சொல்லிவிடலாம் போல வாய் துடித்தது. ஆனால் பாரம் தொங்கும்போது ஆபரேட்டர் வாய் திறக்கக்கூடாது. மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்து, பாறைமேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினேன். வண்டி ஆடாமல் பிடிக்க, யாரும் சொல்லாமலே தோட்டத்துக்காரர் முன்னால் வந்து பெரிய சக்கரத்தைப் பிடித்தார். பிடித்தவர் அதைத் தள்ளினார். நகரவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். பிறகு சுற்றிவந்து அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் தள்ளிப் பார்த்தார். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிரேக் பெடல்கள் இரண்டும் சேர்ந்து அமுங்கி, கொக்கி மாட்டியபடியே இருந்தன. கொக்கியில் ஒரு துணுக்குப் பாசி தொங்கிக்கொண்டிருந்தது.

இறக்கி வைத்தேன். டயர்கள் பாறையில் அமர்ந்தன. இனி வண்டியை உருட்டி, ஏற்றிப்போக வந்திருந்த லாரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குப் பிரேக்கை எடுத்துவிட வேண்டும். முருகேசன் ஏறப் போனான். தோட்டத்துக்காரர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“நீ இரு சாமி. போட்டவங்களே எடுக்கட்டும்.”

சுமதி செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள். அவளுக்கு முன்னால் மாமனார் போய்விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, இருக்கையில் இருந்த சேற்றை வழித்துத் துடைத்தார். துண்டு கறுப்பாகிவிட்டது. மடித்து இன்னொரு பக்கத்தால் திரும்பவும் துடைத்தார். பிறகு விலகி நின்று, “ஏறு அம்மணி” என்றார்.

அவள் ஏறினாள். உட்கார்ந்து, பெடலை ஒரு மிதி மிதித்துக் கொக்கியைத் தட்டினாள். டக்கென்று விட்டது. நான் கயிற்றைத் தளர்த்தினேன்.